வாட்ச் வானிலையில் ஃபாரன்ஹீட்டா, செல்சியஸா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிட்னஸ் பேண்டிலும் ஸ்மார்ட் வாட்சிலும் வானிலை டிகிரியை மாற்றுவது பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். மெனுப் பெயர்கள் ஆப்பில் ஆங்கிலத்தில் இருக்கும்; இங்கே அதே உச்சரிப்பில் தமிழில் எழுதியிருக்கிறோம். ஆப் புதுப்பிக்கும்போது ஒரு மெனு இடம் மாறலாம். தேட வேண்டிய சொற்கள் பெரும்பாலும் மாறுவதில்லை.

அண்ணன் அமெரிக்காவுல இருந்து வாங்கிட்டு வந்த வாட்ச். மதியம் 91 டிகிரின்னு காட்டுது. பழுதா?

பழுதில்லை, அது ஃபாரன்ஹீட். 91 ஃபாரன்ஹீட் என்றால் சுமார் 33 செல்சியஸ். அமெரிக்காவில் அன்றாட வானிலை ஃபாரன்ஹீட்டில்தான் சொல்லப்படுகிறது. அங்கே கணக்குத் தொடங்கி, நாடு என்ற இடத்தில் அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்திருந்தால் வாட்ச் இங்கே வந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

பல திரைகளில் எழுத்து எதுவும் இருக்காது, எண்ணும் ஒரு குட்டி வட்டமும் மட்டும்தான். சமவெளியில் இருப்பவர்களுக்கு இதில் குழப்பமில்லை: 20 முதல் 45 வரை என்றால் செல்சியஸ், 70க்கு மேல் என்றால் ஃபாரன்ஹீட். மலையில்தான் ஏமாறுவோம். 41 என்பது வேலூரின் மே மாத மதியத்துக்குச் செல்சியஸாகவும் பொருந்தும், ஊட்டியின் ஜனவரி விடியலுக்கு ஃபாரன்ஹீட்டாகவும் பொருந்தும். பின்னது 5 செல்சியஸ்.

நான் இங்கேயே கடையில வாங்கினது. அப்புறம் ஏன் ஃபாரன்ஹீட்ல வருது?

முதலில் போனின் மொழியைப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் எத்தனையோ போன்களில் மொழி "இங்கிலிஷ், யுனைடெட் ஸ்டேட்ஸ்" என்றே இருக்கும். முதல் நாள் அமைக்கும்போது மேலே தெரிந்ததைத் தொட்டுவிட்டுப் போயிருப்போம். சில ஆப்கள் எந்த அலகு வேண்டும் என்று நம்மைக் கேட்பதில்லை, போனின் மொழியையும் வட்டாரத்தையும் பார்த்துத் தாமே முடிவு செய்துகொள்கின்றன. அமெரிக்க ஆங்கிலம் என்றால் ஃபாரன்ஹீட், மைல், பவுண்ட்.

மொழியை "இங்கிலிஷ், இந்தியா" அல்லது தமிழ் என்று மாற்றிவிட்டு ஆப்பை மூடித் திறந்தால் சிலவற்றில் அதோடு வேலை முடிந்துவிடும். ஆண்ட்ராய்டு 14 முதல் இதற்கென்றே ஓர் இடம் உண்டு: செட்டிங்ஸ், சிஸ்டம், லாங்குவேஜஸ், "ரீஜனல் பிரிஃபரன்சஸ்", அதில் டெம்பரேச்சர். ஆனால் எல்லா ஆப்பும் அதை மதிப்பதில்லை. அப்படிப்பட்ட ஆப்பில் உள்ளே போய்த்தான் மாற்ற வேண்டும்.

வாட்ச்ல எல்லா செட்டிங்ஸும் பார்த்துட்டேன். யூனிட்னு ஒண்ணுமே இல்லையே?

பெரும்பாலான பேண்டுகளில் இருக்காது. பேண்ட் வெளிவெப்பத்தை அளப்பதில்லை. போனில் உள்ள ஆப், இணையத்தில் ஒரு வானிலைச் சேவையிடம் கேட்டு வாங்கி, ப்ளூடூத் வழியாகப் பேண்டுக்கு அனுப்புகிறது. பேண்ட் வெறும் திரை. எந்த அலகில் அனுப்புவது என்ற முடிவு போனில் நடப்பதால் பொத்தானும் போனில்தான் இருக்கிறது.

கார்மினின் பெரிய வாட்சுகள் இதற்கு விலக்கு. அவற்றில் வாட்சிலேயே மாற்றலாம்.

ஃபிட்பிட்ல எப்படி மாத்துறதுன்னு ஒவ்வொரு படியா சொல்லுங்க.

போனில் ஃபிட்பிட் ஆப்பைத் திறந்து, முதல் பக்கத்தின் மேலே உள்ள டிவைஸ் படத்தைத் தொடுங்கள். உங்கள் வாட்சைத் தேர்ந்தெடுத்தால் "ஆப்ஸ்" என்று ஒன்று இருக்கும். பழைய பதிப்புகளில் "கேலரி", அதற்குள் "மை ஆப்ஸ்". பட்டியலில் "வெதர்" பக்கத்தில் உள்ள பற்சக்கரப் படத்தைத் தொட்டால் டெம்பரேச்சர் யூனிட் வரும். செல்சியஸைத் தேர்ந்தெடுத்து, முதல் பக்கத்துக்கு வந்து, திரையைக் கீழே இழுத்துவிட்டு சிங்க் (ஆப்பும் வாட்சும் தகவல் பரிமாறிக்கொள்வது) முடியும்வரை காத்திருங்கள். கூடுதல் ஊர்களைச் சேர்ப்பதும் அதே பற்சக்கரத்துக்குள்தான்.

பலர் தவறாகப் போகும் இடம் ப்ரொஃபைல் பகுதி. அங்கேயும் அலகுகள் இருக்கும், ஆனால் அவை உயரம், எடை, தூரம் ஆகியவற்றுக்கு. அதை மாற்றிவிட்டு வானிலை மாறவில்லை என்று காத்திருப்பதில் பயனில்லை. இன்னொன்று: எல்லா ஃபிட்பிட்டிலும் வானிலை ஆப் கிடையாது. வெர்சா, சென்ஸ் வரிசைகளிலும் சார்ஜ் 4லும் உண்டு. பட்டியலில் "வெதர்" என்ற பெயரே இல்லையென்றால் உங்கள் மாடலில் அந்த வசதி இல்லை, அல்லது யாரோ நீக்கியிருக்கிறார்கள்.

ஷாவ்மி பேண்டுக்கும் அமேஸ்ஃபிட்டுக்கும் அதே வழிதானா?

போக்கு அதேதான், ஆப் வேறு. ஷாவ்மியில் இப்போதைய பேண்டுகளுக்கு "மி ஃபிட்னஸ்", பழையவற்றுக்கு "ஸெப் லைஃப்" (முன்பு "மி ஃபிட்" என்ற பெயரில் இருந்தது இதுதான்), அமேஸ்ஃபிட்டுக்கு "ஸெப்". மூன்றிலும் உங்கள் பேண்டின் பக்கத்துக்குப் போய் "வெதர்" என்ற வரியைத் தேடுங்கள். ஊரும் டெம்பரேச்சர் யூனிட்டும் ஒரே பக்கத்தில் இருக்கும்.

கார்மின்ல "ஸ்டாட்யூட்"னு என்னவோ போட்டிருக்கு. அது என்ன?

மைல், அடி, ஃபாரன்ஹீட் சேர்ந்த தொகுப்புக்குக் கார்மின் வைத்திருக்கும் பெயர். நமக்கு வேண்டியது "மெட்ரிக்". கார்மின் கனெக்ட் ஆப்பின் செட்டிங்ஸில் அளவு அலகுகள் என்ற இடத்தில் இது இருக்கும்.

ஃபோர்ரன்னர், ஃபீனிக்ஸ் போன்றவற்றில் இன்னும் நுணுக்கமாகச் செய்யலாம். இடப்பக்க நடுப்பொத்தானை அழுத்திப் பிடித்தால் மெனு வரும். அதில் சிஸ்டம், பிறகு யூனிட்ஸ். புதிய மாடல்களில் இடையில் "ஃபார்மட்" என்று ஒரு படி. அங்கே தூரம், உயரம், வெப்பநிலை எல்லாம் தனித்தனி வரிகள். ஓட்டத்தை மைலில் பார்த்துக்கொண்டு வெயிலைச் செல்சியஸில் பார்க்க நினைப்பவர்களுக்கு இதைவிட வசதியான வாட்ச் இல்லை.

ஆப்பிள் வாட்ச்?

ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், "லாங்குவேஜ் அண்ட் ரீஜன்", அதில் டெம்பரேச்சர். சாம்சங் கேலக்ஸி வாட்ச் வைத்திருப்பவர்கள் போனில் உள்ள சாம்சங் வெதர் ஆப்பின் செட்டிங்ஸில் யூனிட்டைப் பார்க்கலாம்.

ஆயிரத்து ஐநூறு ரூபாய் வாட்ச். வெதர் பக்கமே ஆப்ல இல்ல. "மெட்ரிக், இம்பீரியல்"னு மட்டும் இருக்கு.

மலிவு வாட்சுகளில் பல இப்படித்தான். ஒரே பொத்தான், மெட்ரிக் என்றால் கிலோமீட்டர், கிலோ, செல்சியஸ் மூன்றும் சேர்ந்து வரும், இம்பீரியல் என்றால் மைல், பவுண்ட், ஃபாரன்ஹீட். ஒன்றைப் பிரித்து மாற்ற வழியில்லை. நம் ஊரில் பெரும்பாலோருக்கு மெட்ரிக் முழுவதும் தேவைப்படுவதால் இது குறையாகத் தெரியாது.

நடந்த தூரம், பழைய பதிவுகள் அழிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். அலகை மாற்றுவது காட்டும் விதத்தை மட்டுமே மாற்றும். எது சரியான ஆப் என்று தெரியாவிட்டால் பெட்டியில் அல்லது வாட்சின் செட்டிங்ஸில் உள்ள கியூஆர் படத்தை ஸ்கேன் செய்யுங்கள். பெயரை வைத்து ஆப் கடையில் தேடினால் ஒரே மாதிரிப் பெயரில் நாலைந்து வரும்.

செல்சியஸ்னு மாத்திட்டேன். ஆனா வாட்ச்ல இன்னும் 91தான் நிக்குது.

வாட்ச் கடைசியாக வந்த தகவலை வைத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை ஆப் வானிலையை அனுப்பும்போதுதான் புது அலகு போய்ச் சேரும். அது பல நிமிடங்களும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம், ஆப்பைப் பொறுத்தது. காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் ஆப்பைத் திறந்து கையால் சிங்க் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் போனில் ப்ளூடூத்தை அணைத்துப் போட்டு, வாட்சை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி சிங்க் செய்யுங்கள்.

சில வாட்சுகளில் இதைவிட விசித்திரம் நடக்கும்: எழுத்து மட்டும் மாறி எண் மாறாது. "91 செல்சியஸ்" என்று திரையில் பார்த்தால் பதற வேண்டாம், அடுத்த சிங்கில் சரியாகிவிடும். வாட்சை ஆப்பிலிருந்து நீக்கி மறுபடி இணைக்கும் வேலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் நீக்கினால் வாட்சுக்குள் இருக்கும், இன்னும் சிங்க் ஆகாத பதிவுகள் போய்விடும்.

மாத்தப் போய் இப்ப எண்ணே வரல. ரெண்டு கோடுதான் தெரியுது.

அலகுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆப்புக்கு நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை, அல்லது இணையம் இல்லை. போனின் லொகேஷன் அனுமதியில் அந்த ஆப்புக்கு "எப்போதும்" என்று கொடுங்கள். ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து "ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்ற தேர்வு தனியாக இருக்கிறது. அதைத் தொட்டிருந்தால், ஆப் திறந்திருக்கும்போது வானிலை வரும், மூடினால் நின்றுவிடும். துல்லிய இருப்பிடம் தேவையில்லை. வானிலைக்கு ஊர் தெரிந்தால் போதும்.

அனுமதி சரியாக இருந்தும் வரவில்லையென்றால் பேட்டரி சேமிப்பைச் சந்தேகிக்க வேண்டும். பின்னணியில் ஓடும் ஆப்களை நிறுத்திவிடும் பழக்கம் பல ஆண்ட்ராய்டு போன்களுக்கு உண்டு. அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். இருப்பிடத்தைத் தரவே விருப்பமில்லாதவர்கள், ஆப் இடம் கொடுத்தால், ஊரின் பெயரைக் கையால் சேர்த்துவிடலாம்.

வெதர் ஆப்ல 33, மணி காட்டுற முகப்புல 91. ஒரே வாட்ச்ல ரெண்டு கணக்கா?

ஆமாம். நீங்கள் போட்டிருக்கும் வாட்ச் முகப்பு வேறு யாரோ செய்ததாக இருக்கும். அப்படிப்பட்ட முகப்புகள் வானிலையைத் தாமாகவே வாங்கி, தம்முடைய செட்டிங்ஸ்படி காட்டலாம். ஃபிட்பிட்டில் "கிளாக் ஃபேசஸ்" பகுதியில் அந்த முகப்பின் செட்டிங்ஸையும், கார்மினில் கனெக்ட் ஐக்யூ ஆப்பில் அந்த முகப்பின் செட்டிங்ஸையும் திறந்து பாருங்கள். அங்கே அலகு பற்றி ஒன்றுமே இல்லையென்றால் முகப்பைச் செய்தவர் ஃபாரன்ஹீட்டை நிரந்தரமாக வைத்துவிட்டார் என்று பொருள். வேறு முகப்பு போட்டுக்கொள்வதுதான் வழி.

பேப்பர்ல "வெயில் சதமடித்தது, 104 டிகிரி"ன்னு போட்டிருக்கான். என் வாட்ச்ல 38. எது பொய்?

எதுவும் பொய்யில்லை. தமிழ் நாளிதழ்கள் கோடையில் ஃபாரன்ஹீட்டில் எழுதும் வழக்கத்தை விடவில்லை. 100ஐத் தாண்டினால் சதம் என்று தலைப்புப் போட வசதியாக இருக்கிறது. செல்சியஸில் அந்தச் சதம் 37.8. இந்திய வானிலை ஆய்வு மையம் செல்சியஸில்தான் வெளியிடுகிறது. சமவெளியில் வெப்ப அலை அறிவிக்கக் குறைந்தது 40 செல்சியஸாவது எட்டியிருக்க வேண்டும் என்ற அளவும் செல்சியஸில்தான். 31 மே 2003 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவானது 45 செல்சியஸ், நாளிதழ்க் கணக்கில் 113.

உங்கள் கேள்விக்கு வருவோம். 104 ஃபாரன்ஹீட் என்றால் சரியாக 40 செல்சியஸ். வாட்ச் 38 காட்டியது என்றால் மிச்சமுள்ள 2 டிகிரி அலகால் வந்ததல்ல. நாளிதழில் வருவது அந்த நாளின் அதிகபட்சம், ஒரு குறிப்பிட்ட நிலையத்தில் நிழலில் அளந்தது. வாட்சில் வருவது நீங்கள் பார்த்த நேரத்துக்கு, வானிலைச் சேவை உங்கள் பகுதிக்குக் கணக்கிட்டது. சென்னைக்குள்ளேயே மீனம்பாக்கமும் நுங்கம்பாக்கமும் ஒரே எண்ணைக் காட்டாத நாட்கள் ஏராளம்.

மனக்கணக்குல மாத்த சுலபமான வழி இருக்கா?

செல்சியஸை இரட்டிப்பாக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 32 கூட்டுங்கள். 35க்கு: 70, அதில் 7 போனால் 63, கூட்டல் 32, ஆக 95. இது தோராயமல்ல, துல்லியமான விடை. திருப்பிப் போட 32ஐக் கழித்து, பாதியாக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் அரை டிகிரிக்குள் வந்துவிடும். 95க்கு: 63, பாதி 31.5, அதோடு 3.15 சேர்த்தால் 34.65.

எனக்கு ஃபாரன்ஹீட்தான் பழக்கம், அப்படியே வெச்சிருக்கேன். ஆனா 89, 92, 94 எல்லாம் வரவே மாட்டேங்குதே?

நல்ல கவனிப்பு. உங்கள் ஆப் வானிலையைச் செல்சியஸில் முழு எண்ணாக வாங்கி, பிறகு ஃபாரன்ஹீட்டாக மாற்றுகிறது. ஒரு செல்சியஸ் 1.8 ஃபாரன்ஹீட்டுக்குச் சமம் என்பதால் இடையில் எண்கள் தாண்டிப்போகும். 30 முதல் 40 வரை மாற்றிப் பாருங்கள்: 86, 88, 90, 91, 93, 95, 97, 99, 100, 102, 104. இந்த வரிசையில் 87, 89, 92, 94, 96, 98, 101, 103 எட்டுக்கும் இடமே இல்லை.

போன் ஆப்பில் 101, வாட்சில் 100 அல்லது 102 என்று ஒரு டிகிரி வித்தியாசம் வருவதற்கும் பல நேரம் இதுதான் காரணம்: ஒன்று தசமத்தோடு மாற்றி முழுமையாக்குகிறது, இன்னொன்று முழுமையாக்கிவிட்டு மாற்றுகிறது. சரிசெய்யப் பொத்தான் எதுவும் கிடையாது. தொந்தரவாக இருந்தால் செல்சியஸில் பாருங்கள்.

வெயில் செல்சியஸ்ல வேணும், ஆனா காய்ச்சல் ஃபாரன்ஹீட்ல வேணும். 100 டிகிரின்னாதான் எங்களுக்குக் காய்ச்சல்.

நியாயமான ஆசை. வீட்டுத் தெர்மாமீட்டரும் 98.6, 100 என்றுதான் பேசுகிறது. வாட்சில் இது மாடலைப் பொறுத்தது. தோல் வெப்பநிலைக்குத் தனி அலகு வைத்திருந்தால் முடியும். மேலே சொன்ன ஒரே பொத்தான் வாட்சுகளில் முடியாது.

ஆனால் வாட்ச் காட்டுவது காய்ச்சல் அளவு அல்ல. மணிக்கட்டின் தோல், உடலின் உள்வெப்பத்தைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும், ஏசியிலும் போர்வைக்குள்ளும் மாறும். அதனால் ஃபிட்பிட் போன்றவை நேரடி எண்ணுக்குப் பதில், உங்கள் வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு ஏற்றம் இறக்கம் என்று காட்டுகின்றன. இங்கே ஒரு பொறி இருக்கிறது: +0.5 செல்சியஸ் என்ற வித்தியாசத்தை மாற்றும்போது 32 கூட்டக்கூடாது. 1.8ஆல் பெருக்கினால் போதும், விடை +0.9 ஃபாரன்ஹீட். காய்ச்சலா என்று அறியத் தெர்மாமீட்டரை வையுங்கள்.

ஏசி ரூம்லதான் இருக்கேன், வாட்ச் 34ன்னு சொல்லுது. அறையை அளக்காதா?

வானிலைப் பக்கம் அளக்காது. அது இணையத்திலிருந்து வரும் வெளிவெப்பத் தகவல், மூன்றாவது கேள்வியில் சொன்னபடி. சில கார்மின் வாட்சுகளில் மட்டும் உண்மையான வெப்ப உணரி இருக்கிறது. அதுவும் கையில் கட்டியிருக்கும்போது உடல் சூட்டைச் சேர்த்தே காட்டும். அறையின் சூடு வேண்டுமென்றால் கழற்றி மேசைமேல் வைத்து 20 முதல் 30 நிமிடம் விட வேண்டும் என்பது கார்மினே சொல்லும் வழி.

"ஃபீல்ஸ் லைக்"ன்னு வர்றதும் மாறுமா? அது ஏன் எப்பவும் அதிகமா இருக்கு?

அலகை மாற்றினால் அதுவும் சேர்ந்து மாறும். ஈரப்பதம் அதிகமானால் வியர்வை உலராது, உடல் கூடுதல் சூட்டை உணரும். அதைக் கணக்கிட்ட எண் அது. அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் அட்டவணைப்படி 90 ஃபாரன்ஹீட்டும் 70 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் 105 போல உணரும். செல்சியஸில் 32 டிகிரி நாள் சுமார் 41 போல இருக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் ஓடப் போகுமுன் பார்க்க வேண்டிய எண் இதுதான். அதுவும் நிழலுக்கான கணக்கு. நேர்வெயிலில் அந்த அட்டவணை எண்ணோடு 15 ஃபாரன்ஹீட் வரை கூடலாம்.

பொண்ணு வீட்டுக்கு அமெரிக்கா போறோம். அங்க இறங்கினதும் தானா மாறிடுமா?

ஊர் மாறும், அலகு பெரும்பாலும் மாறாது. நீங்கள் வைத்த செல்சியஸிலேயே அங்குள்ள வானிலை வரும். வீட்டில் தெர்மோஸ்டாட் (அறையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) 72 என்று இருந்தால் அது 22 செல்சியஸ் என்று மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

அங்கே போய் ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றிக்கொள்கிறவர்கள் குளிர்காலத்தில் கவனமாக இருக்க வேண்டும். 20 என்று பார்த்துவிட்டுக் கொடைக்கானல் குளிர்தானே என்று ஒற்றை ஸ்வெட்டரோடு இறங்கிவிடக்கூடாது. தண்ணீர் உறைவது 32 ஃபாரன்ஹீட்டில். 20 என்றால் கிட்டத்தட்ட மைனஸ் 7 செல்சியஸ்.

ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மறுபடி ஃபாரன்ஹீட்டுக்கே போயிடுது. நிரந்தரமா நிறுத்த வழி?

அலகு மூன்று இடங்களில் பதிந்திருக்கலாம்: போனின் வட்டாரம், ஆப்பில் உள்ள உங்கள் கணக்கு, வாட்ச். அப்டேட் அல்லது ரீசெட்டுக்குப் பிறகு ஆப் தன் பதிவை இழந்தால் மற்ற இரண்டில் ஒன்றைப் பார்த்து நிரப்பிக்கொள்ளும். அந்த இரண்டில் ஒன்று இன்னும் அமெரிக்காவில் இருக்கிறது என்பதுதான் உங்கள் சிக்கல்.

இரண்டாவது கேள்வியில் சொன்ன போன் மொழியை முதலில் மாற்றுங்கள். அடுத்து ஆப்பின் ப்ரொஃபைலில் நாடு இந்தியா என்று இருக்கிறதா பாருங்கள். கடைசியாக வானிலை அலகைத் தொட்டு, ஏற்கெனவே செல்சியஸ் என்று இருந்தாலும் ஒரு முறை ஃபாரன்ஹீட்டுக்குப் போய்த் திரும்பி வந்து சிங்க் செய்யுங்கள். மாற்றம் நடந்தால்தான் சில ஆப்கள் வாட்சுக்கு எழுதி அனுப்பும். இருந்ததையே மறுபடி தொட்டால் ஒன்றும் அனுப்பாது.